மூன்று உறைகள், ஒரு பம்பு

சந்தையில் வெண்டைக்காய் வாங்குகிறோம். நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. வளைந்தால் முற்றல். அதன் பிறகுதான் விலை கேட்கிறோம். நாலு கடை ஏறி இறங்கித்தான் ஒரு புடவை எடுக்கிறோம்.

கைக்காசு என்றால் இவ்வளவு கவனம். ஊர்ப் பணத்தில் ஒரு பொருள் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பது யார்?

ஊர்ப் பணம் பலருடைய பணம். அதை ஒருவர் தன் இஷ்டம்போல் செலவழிக்க முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. பல வியாபாரிகளிடம் எழுத்தில் விலை கேட்க வேண்டும். அவர்கள் எழுதித் தரும் தாளுக்கு விலைப்புள்ளி என்று பெயர். கடைத்தெருவில் கொட்டேஷன் என்பார்கள். பெரிய வேலையாக இருந்தால் விளம்பரம் கொடுப்பார்கள். தகுதி உள்ள யார் வேண்டுமானாலும் விலை தரலாம். அது ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர். எந்தத் தொகைக்கு எந்த முறை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மகாராஷ்டிர மாநிலத்தில் மராத்வாடா என்ற பகுதி உண்டு. அடிக்கடி வறட்சி வரும் பகுதி. அங்கே பல கிராமங்களிலிருந்து ஏழைக் குடும்பங்கள் ஆண்டுதோறும் கரும்பு வெட்ட வெளியூர் போகின்றன. அந்த மாநிலத்தில் 2003 முதல் 2009 வரை 'ஜலஸ்வராஜ்ய' என்ற குடிநீர்த் திட்டம் உலக வங்கிக் கடனுடன் நடந்தது. அதில் ஊர்க் குழுக்களே குடிநீர் வேலைகளை எடுத்து நடத்தின. சாமான் வாங்குவதும் அவர்கள் பொறுப்புதான். பிறகு 2019 ஆகஸ்டு 15 அன்று நாடு முழுவதற்கும் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதிலும் ஊருக்கு ஊர் குடிநீர்க் குழு உண்டு. குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி.

அப்படி ஒரு குழு உள்ள மராத்வாடா ஊர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். 300 வீடுகள். ஒரு பொதுக் கிணறு. மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் ஏற்ற ஒரு மின் பம்பு.

அந்தப் பம்பு எரிந்துபோய்விட்டது. வாங்கி இரண்டு கோடைதான் ஆகியிருந்தது. பெண்கள் பழையபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டக் கிணறுகளுக்கு நடந்தார்கள்.

புதுப் பம்பு வாங்க வேண்டும். வீட்டுக்கு 150 ரூபாய் என்று கிராம சபையில் முடிவானது. 300 வீட்டுக்கு 45,000 ரூபாய். கரும்பு வெட்டிச் சம்பாதித்த காசும் அதில் இருந்தது. மறுபடியும் ஏமாறக் கூடாது என்று குழு முடிவு செய்தது.

முதலில் பழைய பம்பின் கோப்பைத் தேடி எடுத்தார்கள். உள்ளே மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. ஒன்று 28,000. இன்னொன்று 29,500. மூன்றாவது 31,000. பார்த்தால் எல்லாம் முறைப்படி நடந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் மூன்றும் ஒரே கையெழுத்து, ஒரே மை. மூன்றிலும் ஒரே சொல் ஒரே மாதிரி தப்பாக எழுதப்பட்டிருந்தது. "உங்களுக்கு எதற்கு வீண் அலைச்சல்? மூன்று கொட்டேஷனையும் நானே கொண்டு வருகிறேன்" என்று ஒரு கடைக்காரர் அப்போது உதவி செய்திருக்கிறார். பம்பு விற்றவரும் அவரேதான்.

இந்த 'உதவி' பல ஊர்களில் நடப்பதுதான். மூன்று தாள் இருந்தால் தணிக்கைக்குப் போதும் என்று அலுவலர்களே நினைப்பதும் உண்டு. மூன்று தாள் வேறு, மூன்று விலை வேறு. ஒரே கை எழுதிய மூன்று தாளில் இருப்பது ஒரே விலைதான். மற்ற இரண்டும் ஜோடனை.

பெரிய நகரங்களிலும் இது நடக்கிறது. புணே மாநகராட்சி குப்பையைப் பதப்படுத்தும் ஆலைகளுக்கு டெண்டர் விட்டது. சில நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, போட்டியிடுவது போல விலை கொடுத்தன. 2018-இல் இந்தியப் போட்டி ஆணையம் அவற்றுக்கு அபராதம் விதித்தது. போட்டிச் சட்டம் 2002-இன்படி இப்படிக் கூடிப் பேசி விலை தருவது சட்டவிரோதம்.

என்ன வேண்டும் என்று முதலில் அளக்க வேண்டும்

பலரும் தப்புச் செய்யும் இடம் இதுதான். "5 குதிரைசக்தி பம்பு என்ன விலை?" என்று கேட்டுவிடுவார்கள். பம்பு வாங்குவது தண்ணீருக்காக. எவ்வளவு தண்ணீர் வேண்டும், எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

குழு ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கியது. மே மாதத்தில் நீர்மட்டம் எங்கே இறங்கும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்தது. தரையிலிருந்து 14 மீட்டர் கீழே. தொட்டியின் வாய் தரையிலிருந்து 20 மீட்டர் மேலே. நீர் குழாயில் உரசி ஓடும்போது கொஞ்சம் அழுத்தம் இழக்கும். அதற்கு 6 மீட்டர் சேர்க்கும்படி வட்டாரப் பொறியாளர் சொன்னார். ஆக மொத்தம் 40 மீட்டர்.

அடுத்தது தண்ணீரின் அளவு. ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு 5 பேர் என்றால் ஊரில் 1,500 பேர். 1,500-ஐ 55-ஆல் பெருக்கினால் 82,500 லிட்டர். தினம் 6 மணி நேரம் பம்பு ஓடும். அப்படியானால் மணிக்கு 13,750 லிட்டர் ஏற்ற வேண்டும்.

பழைய பம்பு ஏன் எரிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அதன் தகட்டில் 28 மீட்டர் என்று இருந்தது. 40 மீட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் 28 மீட்டர் பம்பு. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க அது இரவும் பகலும் ஓடியும் தொட்டி நிறையவில்லை. அது 6 மணி நேர வேலைக்கு வாங்கிய பம்பு. ஓய்வில்லாமல் சூடேறிக் கடைசியில் கருகியது.

பிறகு கடிதம் எழுதினார்கள். ஐந்து கடைகளுக்கும் ஒரே கடிதம். ஒரு எழுத்துகூட மாறக் கூடாது. கடிதம் இப்படி இருந்தது:

"ஐயா,

எங்கள் ஊர்க் குடிநீர்க் கிணற்றுக்கு நீர்மூழ்கி மின் பம்பு ஒன்று தேவை. 40 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 13,750 லிட்டர் தண்ணீர் ஏற்ற வேண்டும். மும்முனை மின்சாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

பம்பு விலை, வரி, வண்டிச் சத்தம், பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக எழுதுங்கள். இந்த அளவு தண்ணீர் ஏற்ற மணிக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்றும் எழுதுங்கள். கம்பெனி அச்சடித்த அட்டவணையை இணையுங்கள். எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுதுங்கள்.

விலையோடு 5 ஆண்டு மின்சாரச் செலவையும் கூட்டிப் பார்ப்போம். யூனிட்டுக்கு 6 ரூபாய், தினம் 6 மணி நேரம் என்று கணக்கிடுவோம். மொத்தம் யாருக்குக் குறைவோ அவருக்கே ஆர்டர்.

பொருத்திய பின் மீட்டரையும் தொட்டியையும் வைத்துச் சோதிப்போம். எழுதியபடி இருந்தால் 90 சதவீதப் பணம் அன்றே தரப்படும். மீதி 10 சதவீதம் அடுத்த மே மாதம் முடிந்த பின்.

மூடிய உறை 20-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்குள் வர வேண்டும். அன்றே 3.30-க்குப் பஞ்சாயத்து மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரிப்போம். நீங்களும் வரலாம்."

கடிதத்தில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. பெயரை எழுதினால் அந்தக் கம்பெனி வியாபாரி ஒருவரே விலை சொல்ல முடியும். போட்டி அங்கேயே முடிந்துவிடும். சில இடங்களில் பெயரை எழுத மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பொருந்தும்படி அளவுகளை எழுதிவிடுவார்கள். அதுவும் அதே தந்திரம்தான்.

ஒரு கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "பம்புக்கு மேலே வரும் கேபிளும் என் பொறுப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கடிதத்தில் அது விடுபட்டுப் போயிருந்தது. ஆமாம், 30 மீட்டர் கேபிளும் சேர்த்து என்று குழு முடிவு செய்தது. கேட்டவருக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. ஐந்து பேருக்கும் எழுதி அனுப்பியது.

உறை பிரித்த நாள்

3 மணிக்குள் மூன்று உறைகள் வந்தன. நாலாவது உறை 4 மணிக்கு வந்தது. அதைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொண்டுவந்த பையன் பேருந்து தாமதம் என்று கெஞ்சினான். பாவம்தான். ஆனால் மற்றவர் விலை வெளியே தெரிந்த பிறகு வரும் உறையை ஏற்றால், அடுத்த முறை எல்லோருமே தாமதமாகத்தான் வருவார்கள். ஐந்தாவது கடையிலிருந்து பதிலே இல்லை.

ஒவ்வொரு உறையையும் பிரித்ததும் தாளில் மூன்று உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு தாளை மாற்ற முடியாது அல்லவா? தொகையை உரக்கப் படித்தார்கள். பள்ளி ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்.

ஜி.எஸ்.டி. எண்ணையும் சரி பார்த்தார்கள். அதில் எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள் இருக்கும். முதல் இரண்டு எண் மாநிலத்தைக் காட்டும். மகாராஷ்டிரத்துக்கு 27. அந்த எண் உண்மையா, யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். மூன்றும் மூன்று வெவ்வேறு ஆட்களின் கடைகள்தான்.

முதல் கடை 31,000 ரூபாய். இரண்டாவது கடை 34,000. மூன்றாவது கடை 42,000.

முதல் கடையின் பம்பு 30 மீட்டர்தான் ஏற்றும். கேட்டது 40. எனவே அது கணக்கிலேயே வராது. சட்டை கேட்டால் பனியனைக் காட்டி "இது மலிவு" என்பது போலத்தான். கேட்ட பொருளா என்று முதலில் பார்க்க வேண்டும். விலை அதற்கு அப்புறம்.

பெரிய டெண்டர்களில் இதற்காகவே இரண்டு உறை கேட்பார்கள். ஒன்றில் பொருளைப் பற்றிய விவரம். இன்னொன்றில் விலை. விவர உறையைத்தான் முதலில் பிரிப்பார்கள். அதில் தேறியவரின் விலை உறையை மட்டும் பிறகு பிரிப்பார்கள். தேறாதவரின் விலை உறை பிரிக்காமலே திரும்பிப் போகும்.

மிச்சம் இரண்டு கடை. இரண்டும் கேட்ட உயரமும் கேட்ட தண்ணீரும் தரும். 34,000 ரூபாய் பம்பு மணிக்கு 4.2 யூனிட் இழுக்கும். 42,000 ரூபாய் பம்பு 3.5 யூனிட் இழுக்கும்.

கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார். மராத்தியில் அக்காவை 'தாயி' என்பார்கள். அண்ணனை 'பாவு' என்பார்கள்.

"தாயி, 34,000-க்குக் கிடைக்கிறது. 8,000 ரூபாய் கூடக் கொடுப்பதா? அது யார் பணம்? ஐம்பது வீட்டுப் பணத்துக்கும் மேலே ஆயிற்றே!" என்று கேட்டார்.

சரியான கேள்வி. அப்படி ஒருவர் கேட்கத்தான் வேண்டும். குழுத் தலைவி கோபப்படவில்லை. "பாவு, கரும்பலகையைப் பாருங்கள். சேர்ந்தே கணக்குப் போடுவோம்" என்றார்.

முதலில் 4.2 யூனிட் பம்பு. தினம் 6 மணி நேரம், வருடம் 365 நாள். வருடத்துக்கு 9,198 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றால் 55,188 ரூபாய். 5 வருடத்துக்கு 2,75,940 ரூபாய். பம்பு விலை 34,000-ஐக் கூட்டினால் 3,09,940 ரூபாய்.

அடுத்து 3.5 யூனிட் பம்பு. வருடத்துக்கு 7,665 யூனிட். 45,990 ரூபாய். 5 வருடத்துக்கு 2,29,950 ரூபாய். பம்பு விலை 42,000-ஐக் கூட்டினால் 2,71,950 ரூபாய்.

வித்தியாசம் 37,990 ரூபாய். விலையில் கூடக் கொடுக்கும் 8,000 ரூபாய் பதினோரு மாதத்துக்குள் மின்சாரத்திலேயே திரும்பி வந்துவிடும். மின்கட்டணம் கட்ட முடியாமல் இணைப்பை இழந்த குடிநீர்ப் பம்புகள் மகாராஷ்டிரத்தில் உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். எழுந்து நின்றவர் கணக்கை ஒருமுறை தானே போட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரச் செலவையும் கூட்டிப் பார்ப்போம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அதனால்தான் 42,000 ரூபாய்க் கடைக்கு ஆர்டர் கொடுக்க முடிந்தது. எழுதாமல் விட்டிருந்தால்? உறையைப் பிரித்த பிறகு "எங்களுக்கு மின்சாரச் செலவும் முக்கியம்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரிந்த கடைக்காரருக்காகப் புதுக் காரணம் கண்டுபிடித்தார்கள் என்றுதான் ஊர் பேசும். பேசினால் தப்பும் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு விதியை மாற்றக் கூடாது. அரசாங்க டெண்டர் வழக்குகள் பலவும் இந்த ஒரு இடத்தில்தான் முளைக்கின்றன.

விலை குறைவு ஒன்றையே பார்ப்பது அரசாங்கத்திலும் நெடுநாள் பழக்கம். வரைபடம் போடுவது, ஆலோசனை சொல்வது போன்ற வேலைகளுக்குத் தரத்துக்கும் மதிப்பெண் போடும் முறை முன்பே இருந்தது. கட்டட வேலை போன்றவற்றில் மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில்தான் அதை அனுமதித்தது. அதுவும் சில வகை வேலைகளுக்கு மட்டும். அங்கே தரத்துக்கு 100-க்கு 30 மதிப்பெண் வரை ஒதுக்கலாம். மீதி விலைக்கு.

இன்னொருவர் வேறு யோசனை சொன்னார். "மூன்றாவது கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் 40,000-க்கு இறங்குவார்." இறங்கலாம். ஆனால் தனியாகப் பேசும் அறையில் வேறு பேரமும் நடக்கலாம். உறை பிரித்த பின் பேரம் பேசுவது ஊழலுக்கு வழி என்று மத்திய கண்காணிப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. தவிர்க்க முடியாத நேரத்தில், முதலிடம் பெற்றவரிடம் மட்டும், காரணத்தை எழுதி வைத்துப் பேசலாம். குழு பேரம் பேசவில்லை.

பம்பை ஒரு பில்லிலும், கேபிளை இன்னொரு பில்லிலும், கூலியை மூன்றாவது பில்லிலும் பிரித்துப் போடலாம் என்ற யோசனையும் முன்பு ஒருமுறை வந்ததுண்டு. தொகை சிறிதாகத் தெரிந்தால் டெண்டர் வேண்டாம், மேலிட அனுமதியும் வேண்டாம். அதற்காகவே பிரிப்பார்கள். அப்படிப் பிரிக்கக் கூடாது என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 சொல்கின்றன.

பணம் கொடுக்கும் முன்

ஆர்டரை எழுத்தில் கொடுத்தார்கள். தோற்ற இரண்டு கடைகளுக்கும் காரணத்தைச் சொல்லிக் கடிதம் போட்டார்கள். இரண்டாவது கடைக்காரர் நேரில் வந்துவிட்டார். கொஞ்சம் சூடாகத்தான் வந்தார். ஆசிரியை கணக்கை எடுத்துக் காட்டினார். "மின்சாரத்தைப் பார்ப்பீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் வழக்கம்போல் விலையைத்தான் பார்ப்பீர்கள் என்று நினைத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

கேட்டால் காட்ட வேண்டும் என்பது சட்டமும்கூட. அரசுக் கொள்முதலில் ஒளிவு மறைவு கூடாது என்பதற்காகத் தமிழ்நாடு 1998-இல் தனிச் சட்டம் இயற்றியது. ராஜஸ்தான் 2012-இல் இயற்றியது. தனிச் சட்டம் இல்லாத மாநிலத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 உண்டு. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய் கட்டணத்துடன் பஞ்சாயத்தின் தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல், பில், ரசீது எல்லாவற்றுக்கும் நகல் கேட்கலாம். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம்.

பம்பு வந்தது. பெட்டியைப் பிரிக்கும்போதே தகட்டில் உள்ள எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்த்தார்கள். காட்டியது ஒன்று, இறக்கியது ஒன்று என்று நடப்பதும் உண்டு. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கினார்கள்.

பொருத்திய மறுநாள் காலை சோதனை. தொட்டியின் உட்சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்கள். மின்மீட்டரின் எண்ணைக் குறித்தார்கள். சரியாக ஒரு மணி நேரம் பம்பு ஓடியது. தண்ணீர் ஏறிய உயரத்தை அளந்து லிட்டராக்கினார்கள். 13,750-க்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. மீட்டர் மூன்றரை யூனிட் ஓடியிருந்தது.

அன்று மாலை 37,800 ரூபாய்க்குக் காசோலை கொடுத்து ரசீது வாங்கினார்கள். மீதி 4,200 ரூபாய் வங்கியிலேயே இருந்தது. அடுத்த மே மாதம் கிணறு வற்றி 14 மீட்டருக்கு இறங்கியபோது மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டி அளந்தார்கள். அளவு குறையவில்லை. ஜூன் முதல் வாரம் கடைக்காரர் வந்து மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.